எதிர்ப் பங்கு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வடதுருவத்துப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை உறைந்துபோன கடல். அதன் மேல் ஒரு மனிதன் குனிந்து ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்தபடி நிற்கிறான். ரொம்ப நேரம் நிற்கிறான். பிறகு ஈட்டியை இறக்கி ஒரு சீல் மிருகத்தை இழுத்து மேலே போடுகிறான். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே நம்மில் ஒருவர், இப்போது வேலூரில் வீடு கட்டிப் பேரன் பேத்தி எடுத்தவர், "இவனுங்கல்லாம் மனுஷனுங்களா" என்று எழுதி மூன்று அழுகிற பொம்மைகளைப் போட்டார். இன்னொருவர், "நம்ம ஸ்கூல்ல எஸ்கிமோ டிராமா போட்டோமே, செம ஜாலி" என்றார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்தன. கடைசியில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பூகோள சாருக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம், அந்த நாடகத்தில் நீதானே வேட்டைக்காரன், மேடையில் நாலு வார்த்தை இனிமையாகப் பேசு என்றார்.

இனிமையாகவாம். எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. மலைக் கிராமங்களில் நர்ஸாக அலைந்து, குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்களையும் கூடப் படிய வைத்த வாய் இது. அந்த நாடகத்தைப் பற்றி இனிமையாகப் பேச இந்த வாய்க்கு வராது. ஜாலி என்று எழுதியவரே, உங்களுக்கு ஜாலிதான். உங்கள் அப்பா வீட்டில் இருந்தார்.

ஆகவே எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அடுத்த வீடியோவுக்குப் போகலாம்.

நாம் ஏழாவது படித்த வருடம், கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த நேரம். ஜவ்வாது மலையின் குளிரை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் விடுதிக் குழாயில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். வாயைத் திறந்தால் புகை வரும்; பசங்கள் பீடி குடிப்பது போல விரலை வைத்துக்கொண்டு திரிவார்கள். சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளின் துணியில் எல்லாம் வைக்கோல் வாசனை. விடுதியில் ஆளுக்கொரு வெள்ளைப் போர்வை கொடுத்திருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு நூலில் நம்பர் தைத்திருக்கும். மெல்லிசுதான், ஆனாலும் அது ஒன்றுதான் நமக்கு இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இரண்டு போர்வையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குவோம்.

பூகோள சார் அடிவாரத்துக்காரர். திங்கட்கிழமை போளூர் பஸ்ஸில் ஏறி வருவார், சனிக்கிழமை இறங்கிப் போவார். காதை மூடும் குரங்குக் குல்லா, பழுப்பு ஸ்வெட்டர், கிட்டே வந்தாலே தலைவலித் தைல வாசனை. மலைக்கு மாற்றல் ஆனதைத் தண்டனையாக நினைத்தவர்தான். ஆனால் பாடம் நடத்தினால் நன்றாக நடத்துவார். இல்லாததைச் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பனிப்பிரதேச மக்கள் என்ற அந்தப் பாடத்தை அவர் நான்கு நாள் நடத்தினார். எஸ்கிமோ என்றுதான் அப்போது புத்தகத்தில் இருந்தது. இன்யூட் என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"சீல் தண்ணிக்குள்ள இருந்தாலும் அதுக்கு மூச்சு வுடணும்டா," என்று சார் சொன்னார். "அதுக்கோசரம் ஐஸுல அங்கங்க ஓட்டை வெச்சிருக்கும். எந்த ஓட்டைக்கு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அவன் நிப்பான். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சத்தம் கேக்கக் கூடாதுன்னு காலுக்குக் கீழ ஒரு தோலைப் போட்டுக்குவான். ஓட்டையில ஒரு இறகை வெச்சிருப்பான். சீல் வந்து மூச்சு வுட்டா இறகு ஆடும். அப்பதான் அடிப்பான்."

அடித்த சீலின் வாயில் ஒரு வாய் நல்ல தண்ணீர் ஊற்றுவார்களாம். உப்புக் கடலிலேயே கிடந்த ஜீவனுக்குத் தாகமாக இருக்கும் என்று. கறியை ஒருத்தனே வைத்துக்கொள்ள மாட்டானாம். எந்தத் துண்டு யாருக்கு என்று முன்பே முறை இருக்குமாம். ஒருத்தன் வேட்டையில் ஊரே சாப்பிடுமாம். இதைச் சொல்லும்போது சாரின் கண் கலங்கிவிட்டது. "எப்பேர்ப்பட்ட பண்பாடு பாருங்கடா!" என்றார். நான் கவனித்துப் பார்த்தேன். நிஜமாகவே கலங்கியிருந்தது.

எனக்கு அந்தப் பாடத்தில் கடல் மட்டும்தான் புதிது. மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் நடப்பது.

குளிர் நாளில் உடும்பு சீக்கிரத்தில் வளையை விட்டு வெளியே வராது. வெயில் ஏறி, வளையின் வாயில் சூடு பட்ட பிறகுதான் தலையை நீட்டும். அப்பா காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்பார். காலடியில் பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருப்பார், சருகு நொறுங்கக் கூடாது என்று. வளை வாயில் ஒரு காய்ந்த புல்லை நிறுத்தி வைப்பார். உள்ளேயிருந்து உடும்பு நாக்கை நீட்டினால் புல் ஆடும். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஈ வந்து கண் இமையில் உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாது. கடப்பாரை போட்டுத் தோண்டினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கீழேயிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அப்பா ஒரு நாளும் தோண்டியதில்லை. "வூட்டை இடிச்சிட்டா வேற ஒண்ணு எங்க வந்து குடியிருக்கும்?" என்பார்.

சட்டப்படி அது அப்போதே குற்றம். எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. தெரியப்படுத்த வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தார், வனக் காவலர். கார்டு என்றுதான் ஊரில் சொல்வோம். அவர் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று புரிய எங்கள் பங்கு முறையைச் சொல்ல வேண்டும்.

வளையில் நின்று அடித்தவருக்கு ஒரு பங்கு. வளையை முதலில் பார்த்துச் சொன்னவருக்கு ஒரு பங்கு. ஊரில் பிள்ளை பெற்றவளோ நோயாளியோ படுத்திருக்கிற வீட்டுக்கு ஒரு பங்கு. நான்காவது எதிர்ப் பங்கு. வேட்டையோடு வீட்டுக்குத் திரும்பும்போது வழியில் முதலில் யார் எதிரே வருகிறாரோ அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர், வெளியூர்க்காரர் என்ற பேச்சே கிடையாது. ஒரு தடவை வளையல் விற்க மலைக்கு வந்த கணியம்பாடிக்காரர் எதிரே வந்துவிட்டார். அவர் சைவம். ஐயோ வேண்டாம் சாமி என்று கும்பிட்டுவிட்டு நடந்தார். அப்பா விடவில்லையே. அவரை வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, கறிக்குப் பதிலாக ஒரு படி சாமை அரிசியைத் துண்டில் கட்டிக் கொடுத்த பிறகுதான் விட்டார். அந்த மனிதர் பயந்தே போய்விட்டார்.

கார்டு இந்த முறையை நன்றாகப் புரிந்துகொண்டார். நல்ல வெயில் அடிக்கிற காலை என்றால் எங்கள் ஊர் ஒற்றையடிப் பாதையில் எதிரே வருவதே அவருக்கு டியூட்டி ஆகிவிட்டது. அந்த வருடம் கார்த்திகையில் எனக்குத் தம்பி பிறந்திருந்தான். பிள்ளை பெற்ற உடம்புக்கு உடும்புக் கறி நல்லது என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அதற்காக அப்பா வளைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் போனேன். திரும்பும்போது கார்டு எதிரே வந்தார்.

"இன்னாய்யா, வாலு இல்லியா இன்னிக்கி?"

"வாலு வூட்டுல படுத்திருக்கறவளுக்குங்க. தொடை வாங்கிக்கோங்க."

தேக்கு இலையில் சுருட்டி இரண்டு கையாலும் கொடுத்தார் அப்பா. கார்டு வாங்கிக் காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதை நான் பொய்யாகச் சொன்னேன் என்று பிற்பாடு உங்கள் எல்லோர் முன்னாலும் நிரூபித்தார்கள்.

பொங்கல் லீவுக்கு முன்னால் ஆண்டு விழா. கீழேயிருந்து பெரிய ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். பூகோள சார் தானே எழுதிய 'பனி நாட்டு மக்கள்' நாடகத்தைப் போடுவதாக முடிவெடுத்தார். வேட்டைக்காரனாக முதலில் வார்டன் மகனைத்தான் நிறுத்தினார். அவன் இரண்டு நிமிடம் நிற்பதற்குள் மூன்று தடவை மூக்கைச் சொறிந்தான். "ஆடாம நிக்க ஒருத்தனுக்கும் துப்பு இல்லியா?" என்று சார் கத்தினார். நான் எழுந்து நின்றேன். பொம்பளைப் பிள்ளையா என்று சிரித்தீர்கள். சார் என்னைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, மறந்துபோய், அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மணி அடித்தபோதுதான் திரும்பிப் பார்த்தார். நான் அங்கேயே அப்படியே நின்றுகொண்டிருந்தேன். சார் தன் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

நாடகத்துக்கு ஐஸ் வேண்டும். திருப்பத்தூர் போய் வெள்ளைக் காகிதம் வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தார்கள், கிழிந்தது. உடனே நம் போர்வைகளையெல்லாம் வாங்கிப் பெரிய ஊசியால் ஒன்றோடொன்று தைத்து மேடை முழுக்க விரித்தார்கள். பனிப் பிரதேசம் பிரமாதமாக வந்தது. பிரித்தால் மறுபடி தைக்க வேண்டுமே என்று விழா முடிகிற வரை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று ராத்திரி மார்கழிக் குளிரில் நாம் கோணிப்பைக்குள் காலை விட்டுக்கொண்டு தூங்கினோம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருமித் தள்ளினார்கள். குளிர் நாட்டு ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்டுவதற்காகக் குளிரில் கிடந்த பிள்ளைகளின் போர்வையை உருவிய பள்ளிக்கூடம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். இதையும் பாராட்டு விழாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீல் பொம்மையை நாமே செய்தோம். சாக்கில் வைக்கோலைத் திணித்து, கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசி, கண்ணுக்குப் புங்கங்கொட்டை வைத்தோம். வயிற்றுக்குள் வேகவைத்த வள்ளிக்கிழங்கு. அதுதான் கறி.

விழா மத்தியானம் நடந்தது. முன் வரிசை நாற்காலிகளில் தலைமையாசிரியர், வார்டன், கீழேயிருந்து வந்த அதிகாரிகள். நடுநாயகமாக மாலை போட்டுக்கொண்டு வனத்துறை ரேஞ்சர். பக்கவாட்டில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் கார்டு. நான் சாரின் ஸ்வெட்டருக்குள் முழங்கால் வரை மூழ்கி, போர்வையில் வெட்டிய ஓட்டைக்கு முன்னால் நின்றேன். கோழி இறகு ஓட்டையில் நின்றது. கூட்டம் முதலில் பேசிக்கொண்டிருந்தது. பிறகு பேச்சு குறைந்து, ஒரேயடியாக அடங்கிவிட்டது. கீழே ஒளிந்திருந்தவன் இறகை ஆட்டினான். நான் கம்பை இறக்கினேன். கைத்தட்டல் காதைப் பிளந்தது. சீலின் வாயில் தண்ணீர் ஊற்றினேன். "இதுதான் மனிதாபிமானம்!" என்று சார் மைக்கில் சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

பிறகு கறியைப் பங்கு போட வேண்டும். நாடகத்தில் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரை விழ வேண்டும். கொடுத்தேன். கையில் இன்னும் ஒரு கிழங்கு இருந்தது. எதிர்ப் பங்கு கொடுக்காமல் வேட்டை முடிந்ததாக எனக்குத் தெரியாது. மேடைப் படியில் இறங்கினேன். எனக்கு எதிரே முதலில் இருந்தவர் ரேஞ்சர். இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் மகிழ்ந்துபோனார். "எனக்கெதுக்கும்மா பங்கு?"

"எதிர்ல வந்தவங்களுக்குக் குடுக்கணுங்க."

"சமத்து. அது சரி, அவ்ளோ நேரம் எப்பிடி அசையாம நின்ன? யாரு பழக்குனது?"

சார் பின்னாலேயே மைக்கோடு இறங்கி வந்துவிட்டார். தன் பெயரைச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. "சொல்லும்மா, பயப்படாதே, ஐயா கேக்கறாரில்ல," என்று மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"எங்கப்பா உடும்பு வளையில இப்பிடித்தாங்க நிப்பாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தட்டவும் தட்டியது. ரேஞ்சரும் சிரித்தபடியே கேட்டார். "இப்பவும் நிக்கறாரா?"

"போன ஞாயித்துக்கெழமகூட நின்னாருங்க. கார்டு ஐயாவுக்குத் தொடைப் பங்கு குடுத்தாருங்க."

எங்கள் அப்பா முறை தவறாதவர் என்று அத்தனை பெரிய மனிதர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். கடவுள் சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ரேஞ்சரின் சிரிப்பு நின்றது. அவர் கார்டைத் திரும்பிப் பார்த்தார். கார்டு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சார் மைக்கை என்னிடமிருந்து பிடுங்கி, அடுத்து கும்மி என்று அறிவித்தார்.

மறுநாள் காலை கார்டே இரண்டு ஆட்களோடு எங்கள் ஊருக்கு வந்தார். லீவு விட்டதால் நான் வீட்டில் இருந்தேன். அப்பா களத்தில் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் காய்ந்த உடும்புத் தோலை அவர்கள் ஆணியோடு பிடுங்கினார்கள். கார்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வாய்யா, மேல எடத்து உத்தரவு," என்றார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தோ போய்ட்டு வர்றேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சந்தைக்குப் போகிறவர் மாதிரிதான் போனார். அவருக்கு விஷயம் புரியவில்லை.

அம்மாவுக்குப் புரிந்தது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். விழா சாமான்களைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்க சார் தங்கியிருந்தார். வெயிலில் வந்ததால் அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சார் சொம்பில் கொண்டு வந்தார். டம்ளர் கொண்டு வரவில்லை. கையை ஏந்தச் சொல்லித் தூக்கி ஊற்றினார். நேற்று சீலின் வாயில் தண்ணீர் ஊற்றியதற்கு மைக்கில் பெயர் வைத்தவர் இவர்தான்.

"சார், புள்ள பேசுனது டிராமாதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க பேச்சுக்கு மருவாதி இருக்குது. வுட்டுடுவாங்க."

"நான் வாத்தியாரும்மா. என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? வாயில்லா ஜீவனை ஒளிஞ்சி நின்னு அடிக்கிறது காட்டுமிராண்டித்தனம் இல்லியா? நாலு எழுத்து படிச்சவன் இதுக்கு எப்பிடி ஒத்துப்பான்?"

சார், நீங்கள் எண்பதைத் தாண்டி நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது கேட்க வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன். சீலுக்கு மட்டும் வாய் இருந்ததா? ஒளிந்து நிற்பது, புல்லோ இறகோ ஆடுகிற வரை மூச்சைப் பிடித்திருப்பது, பங்கு பிரிப்பது, இதெல்லாம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடந்தால் பண்பாடு, பக்கத்து ஊரில் நடந்தால் காட்டுமிராண்டித்தனமா? நான்கு நாள் பாடம் நடத்தினீர்களே, ஒரு நாளாவது எங்களைப் பார்த்து, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டீர்களா?

அன்று மத்தியானமே பஸ் பிடித்துக் கீழே போனோம். வன அலுவலகத்தில் அப்பாவைத் தரையில் குந்த வைத்திருந்தார்கள். கார்டு சுவரோரம் நின்றார். ரேஞ்சர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"விவரம் தெரியாத ஜனம், எச்சரிக்கை பண்ணி அனுப்பிட்டேன்னு எழுதி வுட்டுடறேன்மா. ஆனா என் ஆளு பங்கு வாங்கித் தின்னுட்டுச் சும்மா இருந்தானான்னு எனக்குத் தெரியணும். அப்பிடின்னா தப்பு இவன் மேல. நீ பாத்தியா?"

"பாத்தேங்க. தேக்கு எலையில சுத்திக் குடுத்தாரு. வாலு இல்லியான்னு கேட்டாருங்க."

ரேஞ்சர் அப்பாவிடம் திரும்பினார். "இன்னாய்யா, புள்ள சொல்றது நெஜமா? நெஜம்னா ஒரு கைநாட்டு வெச்சிட்டு இப்பவே வூட்டுக்குப் போலாம்."

அப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். சொல்லப்பா என்றேன். ஒரே ஒரு வார்த்தைதானே வேண்டும்.

"புள்ளைக்கு விவரம் தெரியாதுங்க," என்றார் அப்பா. "உடும்பு அடிச்சது நெஜம். கார்டு ஐயா வர்ல. நான் யாருக்கும் குடுக்கல."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜந்தாங்க."

அதற்கு மேல் ரேஞ்சருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாவைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். கோர்ட்டிலிருந்து ஜெயிலுக்கு. ஒரு மாதம் ஆயிற்று.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் பிரேயரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஜாலி என்றவரே, உங்களுக்கு? என்னைக் கொடிக்கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். கார்டையும் வரவழைத்திருந்தார்கள். அரசாங்க ஊழியர் மேல் பொய் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று பூகோள சார் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். சத்தம் போதவில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். அதே பிரேயரில், நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே, சிறந்த நாடகத்துக்கான எவர்சில்வர் குடத்தைத் தலைமையாசிரியர் சாருக்குக் கொடுத்தார். நீங்கள் தட்டினீர்கள். நீங்களும் பிள்ளைகள்தான், தட்டு என்றால் தட்ட வேண்டியதுதான். பிள்ளைகளாக இருந்தபோது தட்டியதை நான் குறை சொல்லவில்லை. இந்த வயதில் சிரிப்பு பொம்மை போடுகிறீர்களே, அதைச் சொல்கிறேன்.

அந்த ஒரு மாதத்தில் களத்தில் கிடந்த சாமையைப் பன்றி தின்றது. அம்மா வாரா வாரம் ஜெயிலுக்கு மலை இறங்கிப் போனாள். சரியான சாப்பாடு இல்லை. அலைச்சலில் பால் வற்றிவிட்டது. தம்பி அழுவான், அவள் மார்பில் போடுவாள், சப்பிப் பார்த்துவிட்டு இன்னும் பெரிதாக அழுவான். கேழ்வரகை ஊறவைத்துப் பிழிந்த பாலைத் துணியில் நனைத்துக் கொடுப்போம். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனால் இதுதான் என் வேலை. அவன் எடை குறைந்ததை என் கையே சொன்னது.

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, தலை மொட்டை. சனிக்கிழமை நான் விடுதியிலிருந்து வந்தபோது களத்து ஓரத்தில் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் கத்தினேன்.

"நான் நெஜந்தானே சொன்னேன்? எதுக்கு என்னப் பொய்க்காரி ஆக்குன?"

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "பங்கு வாங்கினவன் வேட்டையில கூட நின்னவன் மாதிரி பாப்பா. கூட நின்னவன நானே காட்டிக் குடுப்பனா?"

"அவரு உன்னக் காட்டிக் குடுத்தாரே!"

"அவனுக்கு மொற தெரியல. எனக்குத் தெரியுமே."

இதைக் கேட்டு நீங்கள் உருகலாம். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று குழுவில் கும்பிடுகிற பொம்மை போடலாம். போடாதீர்கள். எனக்கு அன்றைக்கும் ஆத்திரம், இன்றைக்கும் ஆத்திரம். அவர் முறையைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்கு என் வார்த்தையையும் அம்மாவின் பாலையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை கார்டு வந்தார். காக்கி போடவில்லை; வேட்டி, சட்டை. வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கையில் ஒரு பால் பவுடர் டின். எதற்கு வந்தார், தம்பி பால் இல்லாமல் கிடப்பதை யார் சொன்னார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் டின்னை வேலிக்கால் மேல் வைத்தார். "கொழந்தைக்கு," என்று ஏதோ முனகினார். திரும்பி நடந்தார்.

அம்மா எழுந்து போனாள். அந்த டின்னை எடுத்து, அவர் போன திசையில் பலம் கொண்ட மட்டும் வீசினாள். அது பாறையில் பட்டுச் சத்தம் எழுப்பிக்கொண்டு சரிவில் உருண்டு போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கார்டு சத்தம் கேட்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டார்.

அப்பா சரிவில் இறங்கினார். முள்ளுக்குள் புகுந்து தேடினார். டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, மூடி திறக்கவில்லை. துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத உள்ள எடுத்துனு வராத."

"பாலு இன்னா பண்ணுச்சி?" என்றார் அப்பா.

அவள் நகரவில்லை. அவர் வெளியிலேயே மூன்று கல்லைக் கூட்டி வெந்நீர் வைத்தார். சரியான அளவு தெரியாமல் கொஞ்சம் கெட்டியாகவே கரைத்தார். பால் புகட்டும் சங்கைக் கழுவினார். அம்மாவின் தோளிலிருந்து தம்பியை வாங்கப் போனார். அவள் முதலில் விடவில்லை, பிறகு விட்டாள். மடியில் போட்டுக்கொண்டு சங்கை வாயில் வைத்தார். தம்பி குடித்தான். மூச்சுவிடக்கூட நிறுத்தாமல், கடைவாயில் ஒழுக ஒழுக, காலை உதைத்துக்கொண்டு குடித்தான். இன்னும் வேண்டும் என்று கத்தினான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன்.